ரெண்டு பேருக்கும் நான்தானே அம்மா

போன இதழ்ல, சொத்து பிரிச்ச பிறகு முகம் குடுத்து பேசாம போன அக்கா தங்கச்சி பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படிச்சிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதுல பாதிக்கு மேல அம்மாக்கள். பிள்ளைங்க சண்டைய பத்தி பிள்ளைங்க எழுதறதை விட நடுவுல நிக்கற அம்மாங்கதான் அதிகமா எழுதறாங்க, அதனால இந்த தடவை மொத்த பகுதியும் அதுக்கே.

கேள்வி: எனக்கு 68 வயசு. ரெண்டு பையன், ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்து போய் சேர்ந்தார், அந்த ரெண்டு வருஷமும் பெரியவன்தான் கூடவே இருந்து எல்லாம் பார்த்தான், கடைசியில அவர் வீட்டை பெரியவன் பேருக்கே எழுதி வச்சிட்டார், சின்னவனுக்கு அது அவர் போன பிறகுதான் தெரிஞ்சுது. அன்னைக்கு ரெண்டு பேரும் சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொல்லிக்கிட்டாங்க, 4 வருஷமா ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நான் பெரியவன் வீட்ல இருக்கேன். அவன் வேலைக்கு போற நேரமா பார்த்து சின்னவன் எனக்கு போன் பண்றான், வீட்ல யாராவது இருந்தா நான் ரூமுக்குள்ள போய் கதவை சாத்திகிட்டு பேசறேன். பெரியவன்கிட்ட "தம்பி உன்னை விசாரிச்சான்"னு சொல்வேன், சின்னவன்கிட்ட "அண்ணன் உன்னை நினைச்சு வருத்தப்படறான்"னு சொல்வேன், உண்மையில ரெண்டு பேரும் அப்படி எதுவும் சொன்னதில்ல. பொண்ணு சின்னவன் பக்கம், என்கிட்டயும் பட்டும் படாமலும்தான் பேசறா. பார்க்கிறவங்க எல்லாம் நீரடிச்சு நீர் விலகாதுன்னு ஆறுதல் சொல்றாங்க. நான் கண் மூடறதுக்குள்ள மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசறதை பார்த்துடணும். இப்படி ஆசைப்படறது தப்பா? நான் என்னதான் பண்றது?

பதில்: தப்பே இல்லம்மா. பெத்தவளுக்கு இந்த ஆசை வரலன்னாதான் யோசிக்கணும். ஆனா நீரடிச்சு நீர் விலகாதுன்னு சொல்லிட்டு போறவங்க பேச்சை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க, ஏன்னா விலகுது, நிறைய வீட்ல விலகியே இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல கார்ல் பில்லெமர்னு ஒரு சமூகவியல் பேராசிரியர், 1,340 பேர்கிட்ட கேட்டு 2020ல ஒரு கணக்கு வெளியிட்டார், அதுல 27 சதவீதம் பேர் சொந்தத்துல யாரோ ஒருத்தரோட தொடர்பே இல்லாம இருக்காங்க. நாலுல ஒருத்தருக்கும் மேல. இதை ஏன் சொல்றேன்னா, உங்க வளர்ப்புல மட்டும் ஏதோ குறை, உங்க வீட்ல மட்டும்தான் இப்படின்னு நீங்க உள்ளுக்குள்ள வெட்கப்பட்டுகிட்டு இருக்கீங்கன்னு உங்க கடிதத்துலயே தெரியுது, அந்த வெட்கம் வேண்டாம்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். "தம்பி விசாரிச்சான்", "அண்ணன் வருத்தப்படறான்"னு நீங்களா சேர்த்து சொல்றீங்களே, அதை இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா. நல்ல மனசோடதான் சொல்றீங்க, எந்த அம்மாவும் சொல்லுவா. ஆனா பெரியவன் "என்னை விசாரிச்சவன் எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா"ன்னு நினைப்பான், சின்னவன் "வருத்தப்படறவன் வந்து பேச வேண்டியதுதானே"ன்னு நினைப்பான், ஆக நீங்க சொன்ன நல்ல வார்த்தையே கோபத்துக்கு இன்னொரு காரணமா போய் நிக்கும். அப்புறம் என்னைக்காவது ரெண்டு பேரும் பேசி, நான் அப்படி சொல்லவே இல்லையேன்னு வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க உண்மைய சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க.

இன்னொண்ணும் இருக்கு. முர்ரே போவன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், குடும்பங்கள பல வருஷம் கவனிச்சு சொன்னது, ரெண்டு பேருக்கு நடுவுல இறுக்கம் தாங்க முடியாம போனா அவங்க மூணாவதா ஒருத்தரை உள்ள இழுத்துக்குவாங்க, அதுல ரெண்டு பேருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும், ஆனா பிரச்சனை அப்படியே இருக்கும். இதை அவர் முக்கோணம்னு சொன்னார். உங்க வீட்ல மூணாவது ஆள் நீங்க. அண்ணன் எப்படி இருக்கான், வீட்டுக்கு என்ன செலவு பண்ணான், அவன் பிள்ளை என்ன படிக்குதுன்னு எல்லா சேதியும் உங்க மூலமாவே சின்னவனுக்கு கிடைச்சிடுது, அந்தப் பக்கமும் அதே மாதிரி, அப்புறம் எதுக்கு அவங்க நேரா பேசணும்? நாலு வருஷம் பேசாமலே ஓட்ட முடிஞ்சதுக்கு நீங்க போய்கிட்டு இருக்கிற தூதும் ஒரு காரணம்.

அதனால ரெண்டு பேர்கிட்டயும், தனித்தனியா, ஒரே வார்த்தைல சொல்லிடுங்க: "இனிமே அவனைப் பத்தி உன்கிட்டயும் உன்னைப் பத்தி அவன்கிட்டயும் நான் பேச மாட்டேன். தெரிஞ்சுக்கணும்னா நீங்களே கேட்டுக்கோங்க. ஆனா நான் ரெண்டு பேருக்கும் அம்மா, ரெண்டு பேரோடவும் பேசுவேன், போய் பார்ப்பேன், யார்கிட்டயும் ஒளிக்க மாட்டேன்." அழாம சொல்லுங்க, முடிஞ்ச வரைக்கும் சாதாரணமா சொல்லுங்க. சொன்ன பிறகு கதவை சாத்திகிட்டு பேசறதை விட்டுடுங்க. ஹால்ல உக்காந்தே சின்னவனோட பேசுங்க. முதல் ரெண்டு தடவை பெரியவன் முகம் மாறும், மாறட்டும். நீங்க ஒளிச்சு பேசற வரைக்கும் உங்க சின்ன பையனோட பேசறது ஏதோ குத்தம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுது, அது ரெண்டு பேருக்குமே நல்லதில்ல.

அடுத்தது வீடு. கடிதம் முழுக்க வீடுன்னுதான் எழுதியிருக்கீங்க, ஆனா ரெண்டு தடவை படிச்ச பிறகு எனக்கு பட்டது வேற. பெரியவன் ரெண்டு வருஷம் ராத்திரி தூக்கம் இல்லாம, வேலைக்கும் போய்கிட்டு, அப்பாவை புரட்டிப் போட்டு துடைச்சு பார்த்திருக்கான், அதை யாராவது அவன் முகத்துக்கு நேரா சொன்னாங்களா? தம்பி சொல்லல, தங்கச்சி சொல்லல, பதிலுக்கு "ஏமாத்தி எழுதி வாங்கிட்டே"ன்னு கேட்டுட்டாங்க. சின்னவனுக்கு வலிச்சது பணம் போனது மட்டும்னு எனக்கு தோணல, அப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல, அம்மாவுக்கு தெரிஞ்சும் சொல்லலையோ, நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையோங்கற எண்ணமா இருக்கலாம். இதுல யார் சொல்றது சரின்னு கேட்டா ரெண்டும் சரி. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்.

இந்த இடத்துலதான் நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, அதுக்கு அவங்க ரெண்டு பேரும் சந்திக்கவே வேண்டாம். பெரியவன்கிட்ட தனியா உக்காந்து, "அப்பாவுக்கு நீ செஞ்சதை நான் கண்ணால பார்த்தேன், நீ இல்லன்னா என்னால தனியா முடிஞ்சிருக்காது"ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்திடுங்க. "அதனால நீயே பெரிய மனசு பண்ணி தம்பிகிட்ட..."ன்னு ஆரம்பிச்சீங்கன்னா சொன்னது மொத்தமும் வீண், ஓஹோ இதுக்குத்தான் இந்த பாராட்டான்னு ஆயிடும். சின்னவன்கிட்ட, "உன்கிட்ட முன்னாடியே சொல்லாம விட்டது உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்கு இப்ப புரியுது"ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்துங்க. எழுதி வைக்கப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதையும் மறைக்காம சொல்லிடுங்க, இப்ப சொல்லலன்னா எப்ப சொல்லப் போறீங்க.

பில்லெமர் பத்தி சொன்னேனே, அவர் பிரிஞ்சு போய் திரும்ப சேர்ந்தவங்க சுமார் 100 பேர்கிட்டயும் பேசியிருக்கார். நடந்தது இதுதான், தப்பு உன்மேலதான், ஒத்துக்கோன்னு அடுத்தவங்கள ஒத்துக்க வைக்கற பிடிவாதத்தை அவங்கள்ல நிறைய பேர் விட்டிருக்காங்க, பழசை பேசி தீர்த்துட்டு சேரல, இனிமே எப்படி இருக்கப் போறோம்னு பார்த்து சேர்ந்திருக்காங்க. நம்ம வீட்ல பெரியவங்க நாலு பேரை கூட்டி வச்சு, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்லி, கை குலுக்குங்கன்னு சொல்ற பஞ்சாயத்து அடிக்கடி பிசகறதுக்கும் இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். தயவு செஞ்சு அப்படி ஒரு கூட்டம் கூட்டாதீங்க. ஒருத்தனுக்கு தெரியாம இன்னொருத்தனை வரவழைச்சு நேருக்கு நேர் நிக்க வைக்கறதும் வேண்டாம், உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லி கூப்பிடறதும் வேண்டாம்.

மூணு பேரும் ஒண்ணா உக்காரணும்னு பெருசா ஆசைப்படறீங்க, வச்சுக்கோங்க, ஆனா கேக்கறப்ப சின்னதா கேளுங்க. உதாரணத்துக்கு, உங்களுக்கு அவசரம்னா யாருக்கு முதல்ல போன் போகணும், என்ன மாத்திரை சாப்பிடறீங்க, எந்த டாக்டர், இதை மூணு பேருக்கும் ஒரே மெசேஜா அனுப்புங்க. இது நாடகம் இல்ல, 68 வயசுல உண்மையிலயே வேணும். அதுக்கு கீழ "சரி"ன்னு ஒருத்தன் போட்டு இன்னொருத்தன் பார்த்தாலே போதும், அதுக்கு மேல அன்னைக்கு ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க.

வீட்டு பத்திரத்துல நிஜமாவே பேச வேண்டியது இருந்தா அதை உங்க முன்னாடி பேச வேண்டாம்னு சொல்லிடுங்க, வக்கீல் இருக்காங்க, சமரச மையங்கள் இருக்கு, ரெண்டு பக்கமும் சொந்தம் இல்லாத ஒரு ஆள் நடுவுல இருக்கறது நல்லது. உங்க பேர்ல நகையோ பணமோ இருந்தா என்ன செய்யப் போறீங்கன்னு நல்லா இருக்கும்போதே முடிவு பண்ணி, எழுதி, மூணு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே மாதிரி தெரியப்படுத்துங்க. முன்னாடி நடந்த ரகசியம் திரும்ப நடக்கக்கூடாது. சேர்ந்தாதான் தருவேன்னு நிபந்தனை போடாதீங்க, அதுல சேர்றது பாசத்துல சேர்றது இல்ல.

பொண்ணை பத்தி ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க. அவ சின்னவன் பக்கம்னு எழுதிட்டு விட்டுட்டீங்க, அவளுக்குன்னு ஒரு வருத்தம் இருக்கலாம்னு கேட்டு பார்த்தீங்களா? அப்பா போனது அவளுக்கும்தான், அந்த வீடு அவளுக்கும் பிறந்த வீடு. அம்மா ஒரு பிள்ளைய மட்டும் கொஞ்சம் ஒசத்தி வைக்கறாங்கன்னு வளர்ந்த பிள்ளைங்களுக்கு தோணினா கூடப்பிறந்தவங்களுக்குள்ள உரசல் அதிகமாகுது, இதுவும் பில்லெமரும் ஜில் சூட்டர்ங்கற பேராசிரியரும் அம்மாக்களையும் வளர்ந்த பிள்ளைங்களையும் வச்சு பண்ண ஆய்வுகள்ல வந்ததுதான். ஒசத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கும் அது நல்லது பண்றதில்லங்கறதுதான் நான் கவனிச்ச விஷயம். அவளுக்கு ஒரு நாள் போன் பண்ணுங்க, அண்ணன் தம்பி பேச்சே எடுக்காம, அவளைப் பத்தி மட்டும் கேளுங்க.

இவ்வளவும் பண்ணியும் அவங்க பேசாமலே இருக்கலாம். அதையும் சொல்லாம விட எனக்கு மனசு வரல. 40, 45 வயசு ஆளுங்க அவங்க, முடிவு அவங்க கையில. பௌலின் பாஸ்னு ஒரு ஆய்வாளர், போர்ல காணாம போன வீரர்களோட குடும்பங்கள பார்த்து சொன்னாங்க, ஆள் இருக்காரா இல்லையான்னு தெரியாத இழப்பு தனி வகை, அதுக்கு முடிவே இல்லாததால மனசு அங்கயே நின்னுடும்னு. உயிரோட இருந்தும் தொடர்பு இல்லாம போற உறவுகளுக்கும் அதே நிலைதான்னு அவங்க எழுதியிருக்காங்க. அதுக்கு அவங்க சொல்ற வழி, நம்பிக்கையையும் வருத்தத்தையும் ரெண்டையுமே வச்சுக்கறது. சேருவாங்கன்னு நம்பலாம், இன்னைக்கு சேரலையேன்னு அழலாம், ரெண்டுக்கும் நடுவுல பெரியவன் வீட்ல ஒரு நாள், சின்னவன் வீட்ல ஒரு நாள்னு நீங்க சந்தோஷமா இருந்துட்டு வரலாம். அவங்க சேர்ற வரைக்கும் என் சந்தோஷம் எல்லாம் தள்ளி வைக்கறேன்னு மட்டும் இருக்காதீங்க.

கேள்வி: நான் உங்களுக்கு எழுதற அம்மாக்களுக்கு எதிர்ப்பக்கம். எங்க அண்ணன் சின்ன வயசுல இருந்தே என்னை அடிப்பான், கல்யாணத்துக்கு அப்புறமும் ஒரு தடவை என் மனைவி முன்னாடி கை ஓங்கினான், அன்னைக்கே அவனோட பேசறதை விட்டுட்டேன். அம்மா ஒவ்வொரு போன்லயும் "நான் போறதுக்குள்ள அண்ணன்கூட பேசிடுடா"ன்னு அழறாங்க. நான் கல் நெஞ்சுக்காரனா?

பதில்: இல்லப்பா. அடி வாங்கின இடத்துக்கு திரும்பி போகாம இருக்கறதுக்கு கல் நெஞ்சு தேவையில்ல. மேல அந்த அம்மாவுக்கு நான் சொன்னதெல்லாம் வார்த்தையில முறிஞ்ச உறவுக்கு, கை ஓங்கற ஆளுக்கு அது பொருந்தாது. அவர் தான் செஞ்சதை தானா ஒத்துக்கிட்டு, நடந்துக்கறதுலயும் மாறி, அது கொஞ்ச காலம் நிலைச்சு நின்னா அப்ப யோசிக்கலாம், அப்பவும் முடிவு உங்களோடது, உங்க மனைவியோடது.

அம்மாகிட்ட மட்டும் ஒரு தடவை முழுசா பேசிடுங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு முழுசா தெரியுமா? பல வீட்ல அண்ணன் தம்பி சண்டைன்னா விளையாட்டா எடுத்துப்பாங்க, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துடுவாங்க. "அம்மா, உங்களோட நான் எப்பவும் பேசுவேன், வருவேன், உங்க செலவுக்கு என் பங்கு தருவேன், அண்ணனைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, கேட்டா அன்னைக்கு போனை வச்சிடுவேன், மறுநாள் நானே கூப்பிடுவேன்"னு சொல்லுங்க. சொன்ன மாதிரியே மறுநாள் கூப்பிடுங்க, அதை விட்டுடாதீங்க. அவங்க அழறது பயத்துல, தனக்கு அப்புறம் உனக்கு யாருமே இல்லாம போயிடுமோங்கற பயம். உன் வாழ்க்கையில யார் யார் இருக்காங்கன்னு அவங்களுக்கு காட்டு, அந்த பயம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: என் பொண்ணு என் நம்பரை பிளாக் பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எப்பவும் அவளை அவ அண்ணனோட ஒப்பிட்டு பேசினேனாம், அவ புருஷனை நாலு பேர் முன்னாடி மட்டமா பேசினேனாம். கோபத்துல ஏதோ சொல்லியிருப்பேன், பெத்தவளுக்கு அந்த உரிமை கூட இல்லையா? கடிதம் எழுதலாம்னு இருக்கேன், எப்படி எழுதறது?

பதில்: எழுதுங்க. ஆனா முதல்ல, "உரிமை கூட இல்லையா"ங்கற வரிய உங்க மனசுல இருந்து எடுத்துட்டு எழுத உக்காருங்க, அது மனசுல இருந்தா எப்படியும் பேனாவுல வந்துடும். பெத்த மனசு பித்து, பிள்ளை மனசு கல்லுன்னு சொல்லி சொல்லியே அம்மாக்கள் தப்பிச்சுக்கறோம்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பொண்ணு ரெண்டு காரணம் தெளிவா சொல்லியிருக்கா, காரணமே சொல்லாம போற பிள்ளைங்க எத்தனையோ பேர், உங்களுக்கு அது கிடைச்சிருக்கு.

கடிதம் ஒரு பக்கத்தை தாண்ட வேண்டாம். அவ சொன்னதை அவ சொன்ன வார்த்தையிலயே திரும்ப எழுதுங்க, "அப்படி நான் சொல்லியிருந்தா"ன்னு இழுக்காதீங்க, "ஆனா"ன்னு ஒரு வரிகூட ஆரம்பிக்காதீங்க, உன்னை வளர்க்க நான் பட்ட கஷ்டம் தெரியுமான்னு போகவே போகாதீங்க. உங்க உடம்பு, உங்க தூக்கம், சொந்தக்காரங்க என்ன கேக்கறாங்க, இது எதுவும் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"உன்னை உன் அண்ணனோட ஒப்பிட்டு பேசினேன். மாப்பிள்ளையை எல்லார் முன்னாடியும் குறைச்சு பேசினேன். உனக்கு வலிச்சதை அன்னைக்கு நான் கவனிக்கல. தப்பு என்மேல. மாப்பிள்ளைகிட்டயும் நான் மன்னிப்பு கேக்கணும், அவர் விரும்பினா. நீ உடனே பதில் போடணும்னு இல்ல, போடாம இருந்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். பேசணும்னு தோணினா எப்ப வேணும்னாலும் கூப்பிடு."

அவ்வளவுதான். அதை ஒரு தடவை அனுப்புங்க. வேற நம்பர்ல இருந்து கூப்பிடறது, மாப்பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லி அனுப்பறது, அவ ஆபீஸ் வாசல்ல போய் நிக்கறது, இதெல்லாம் பண்ணினா கடிதத்துல எழுதினது பொய்னு அவளே முடிவு பண்ணிடுவா. அவ பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதுல வாழ்த்து மட்டும், அது போதும். இதுக்கு நடுவுல நீங்க அவளை பத்தியும் மாப்பிள்ளைய பத்தியும் மத்தவங்ககிட்ட என்ன பேசறீங்கன்னு கவனமா இருங்க, எல்லாம் அவ காதுக்கு போகும். நல்லபடியா பேசினாலும் போகும்.

கேள்வி: என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பேசறதில்ல. எங்க பிள்ளைங்க, அவங்க பிள்ளைங்க ஒரே வயசு, என் பெரிய பிள்ளைக்கு 12 வயசு, முன்னாடி எப்பவும் ஒண்ணா விளையாடுவாங்க, இப்ப பார்க்கவே முடியல. மாமியார் என்கிட்ட "நீங்க மருமகள்ங்க ரெண்டு பேரும் பேசினா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றாங்க. நானும் ஓரகத்தியும் நல்லாத்தான் இருக்கோம். வீட்டுக்காரருக்கு தெரியாம பிள்ளைங்கள சந்திக்க வைக்கலாமா?

பதில்: தெரியாம வேண்டாம். பிள்ளைங்கள ரகசியம் காக்க வைக்கறது பாவம், அதுங்களுக்கு அப்பாகிட்ட பொய் சொல்றோமேன்னு பயமே வந்துடும். வீட்டுக்காரர்கிட்ட நேராவே சொல்லுங்க, உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல இருக்கறது உங்க விஷயம், அதுல நான் தலையிடல, பிள்ளைங்க மாசத்துல ஒரு நாள் பார்க்கட்டும், நானும் அவளும் கூட்டிட்டு போய் கூட்டிட்டு வந்துடறோம், நீங்க வர வேண்டாம்னு. ரெண்டு பக்கத்து அப்பாக்களும் சம்மதிச்ச பிறகு போங்க. போற இடத்துல பெரியவங்க பேச்சு எதுவும் வேண்டாம்னு நீங்களும் ஓரகத்தியும் முன்னாடியே பேசிக்கோங்க.

மாமியார்கிட்ட, அண்ணன் தம்பிய சேர்க்கற பொறுப்பை எங்ககிட்ட குடுக்காதீங்க அத்தை, பிள்ளைங்க தொடர்பு விட்டுப்போகாம நாங்க பார்த்துக்கறோம்னு மட்டும் சொல்லிடுங்க. உங்க பெரிய பிள்ளைக்கு 12 வயசுன்னு எழுதியிருக்கீங்க, அது கண்டிப்பா ஏன் சித்தப்பா வர்றதில்லன்னு கேக்கும், "அப்பாவும் சித்தப்பாவும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகல, அது பெரியவங்க விஷயம், நீ ரெண்டு பேர்கிட்டயும் பேசலாம்"னு சொல்லுங்க, யார் தப்புன்னு கேட்டா எனக்கு அதுல தீர்ப்பு சொல்ல இஷ்டம் இல்லன்னு சொல்லுங்க. முதல் தடவை வீட்டுக்காரர் முடியாதுன்னு சொன்னா சண்டை போடாம விட்டுட்டு, ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க.